செவ்வாயின் செம்மையும் நம் செம்பூராங்கல்லும்

கொச்சியை அடுத்த திருப்பூணித்துறையிலிருந்து கிழக்கே செல்வோர், குன்றுகளை வெட்டிய இடங்களில் செந்நிறப் பாறையைக் காண்பர். மலையாளத்தில் வெட்டுகல் என்றும் தமிழில் செம்பூராங்கல் என்றும் வழங்கும் இதனை மலபாரில் ஆராய்ந்த பிரான்சிஸ் புக்கானன், 1807-இல் வெளியான தம் நூலில் ‘லேட்டரைட்’ எனப் பெயரிட்டார். இக்கல்லின் செம்மைக்கும் செவ்வாய்க் கோளின் செம்மைக்கும் காரணம் ஒன்றே. அது ஆக்ஸிஜனுடன் கூடிய இரும்பாகும். ஆயினும் இரண்டின் வரலாறும் வேறு. அவ்வேற்றுமையை ஆராய்வதன் வாயிலாகவே ஒரு கோளின் வளர்ச்சியை நாம் அறிகிறோம்.

மழை செய்த கல்

கேரளத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 300 சென்டிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. நெடுங்காலம் பெய்த இத்தகைய மழை, மூலப்பாறையிலிருந்து சிலிக்கா, கால்சியம், சோடியம் முதலியவற்றைக் கரைத்துச் சென்றது. எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் எஞ்சிச் செறிந்தன.

1976-இல் செவ்வாயில் இறங்கிய இரு வைக்கிங் கலங்கள், அங்குள்ள மண்ணில் இரும்பும் கந்தகமும் மிகுந்திருப்பதைக் கண்டன. ஆனால் அம்மண்ணின் பொதுவான சேர்க்கை எரிமலைப் பாறையாகிய பசால்ட்டை ஒத்திருந்தது. கேரளத்தைப் போல் அங்கும் நீர் இடைவிடாது ஊடுருவியிருப்பின் அலுமினியம் செறிந்திருக்க வேண்டும். எனவே, அம்மண்ணில் நீரின் செயல் குறுகியதே எனலாம். மறுபுறம், வறண்ட ஆற்றுப்படுகைகளும் களிமண் கனிமங்களும் தொன்மையில் நீர் இருந்தமைக்குச் சான்றாகின்றன. இவ்விரண்டையும் இணைத்து விளக்குவதே அறிஞர் முன்னுள்ள பணி.

ஜாரோசைட் தரும் சான்று

2004-இல் அமெரிக்காவின் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி, செவ்வாயின் மெரிடியானி சமவெளியில் ஜாரோசைட் என்னும் கனிமத்தைக் கண்டது. இரும்பும் கந்தகமும் கொண்ட இக்கனிமம் அமிலத்தன்மை வாய்ந்த நீரில் உருவாகிறது. பின்னர் மிகுந்த நீர் பாயின், சிதைந்து இரும்பு ஆக்ஸைடுகளாக மாறிவிடும். ஆகவே, அது இன்றளவும் எஞ்சியிருப்பது, நீர் இருந்ததற்கும் பின்னர் வற்றியதற்கும் ஒருங்கே சான்றாகும்.

இதே கனிமத்தைக் குஜராத்தின் கட்ச் பகுதியிலுள்ள மாதானோமத்திலும் கேரளத்தின் வர்க்கலைப் பாறை அடுக்குகளிலும் நம் அறிவியலாளர் கண்டு ஆராய்ந்துள்ளனர். அவற்றின் நிறமாலையைச் செவ்வாய்க் கலங்கள் அனுப்பும் நிறமாலைகளோடு ஒப்பிட இயலும்.

மங்கள்யானின் பங்கு

ஏறத்தாழ 450 கோடி ரூபாய்ச் செலவில் உருவான மங்கள்யான், 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு, 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. அதிலிருந்த ஐந்து கருவிகளுள், மேல் வளிமண்டல வாயுக்களை அளந்த மென்கா, திருவனந்தபுரம் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தில் உருவானது. வளிமண்டலத்திற்கும் தரையின் வேதியியலுக்கும் தொடர்பு என்னவெனில், செவ்வாய் தன் காந்தப்புலத்தை இழந்தபின் சூரியக்காற்று அதன் வளியைச் சிறிது சிறிதாக அகற்றியது. இன்று அங்குள்ள வளியழுத்தம் புவியினதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு; நீர் திரவமாக நிலைக்க இயலாது.

ஆறு மாதங்களுக்கெனத் திட்டமிடப்பட்ட அக்கலம் 2022 வரை இயங்கியது. எனினும், கருவிகளின் மொத்த எடை சுமார் 15 கிலோவே, சுற்றுப்பாதையும் நீள்வட்டமானது. எனவே, விரிவான கனிம வரைபடம் அதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாகவே இருந்தது.

நாம் செய்யத்தக்கது

வளரும் நாட்டிற்கு இவ்வாராய்ச்சி தேவையா என்னும் வினா நியாயமானதே. இதில் மிகக் குறைந்த செலவில் நடைபெறக்கூடிய பகுதி நம் மண்ணிலேயே உள்ளது என்பதே அதற்குரிய விடை. கல்லூரி ஆய்வகமும் களப்பயணமும் இருந்தால் மாணவர் இதில் ஈடுபடலாம். ஆனால் கல்குவாரியும் சாலைப் பணியும் கடலரிப்பும் அழிக்கும் பாறை அடுக்கை மீண்டும் உருவாக்க இயலாது. அங்காடிப்புரத்து லேட்டரைட் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது நல்ல முன்மாதிரி. குவாரிக்கு உரிமம் வழங்கும் அலுவலர், அங்குள்ள பாறையின் அறிவியல் மதிப்பை முன்னதாக நிலவியலாரிடம் கேட்டறிவது விரும்பத்தக்கது.