தேயிலையில் இனத்தேர்வும் சிறுநில உழவும்

உயிர்கள் யாவும் தத்தம் பெற்றோரை ஒத்திருத்தலும் ஓரளவு வேறுபடுதலும் இயற்கை. இவ்விரு நியதிகளையும் அறிந்து பயன்கொள்வதே பயிரின விருத்திக் கலையாகும். நம் மலைநாட்டின் வாழ்வு தேயிலையோடு பிணைந்திருத்தலின், அக்கலை இச்செடியில் எவ்வாறு இயங்குகின்றது, அதனாற் பயன்பெறுவோர் யாவர் என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

விதைத் தேயிலை

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அந்நாள் முதல் நெடுங்காலம் இங்குத் தேயிலை விதையினாலேயே பெருகியது. தேயிலைப் பூ தன் செடியின் மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. அயற்செடியின் மகரந்தமே கருவுறச் செய்யும். ஆதலின் ஒரு மரத்து விதைகளும் தம்முள் வேறுபட்ட கன்றுகளையே தரும். நுவரெலியா, அட்டன் பகுதிகளிலுள்ள பழைய மலைகளை நோக்குக. ஒரு செடி அகன்ற இலையுடையது, அடுத்தது சிற்றிலையுடையது. ஒன்று துளிர்த்து நிற்க, மற்றொன்று துளிரடங்கிக் கிடக்கும். கொழுந்தெடுப்பவளோ இரண்டினையும் சுற்றியே நடத்தல் வேண்டும். குறித்த நிறை எட்டாதவிடத்து அரைப்பேர் விழும் வழக்கைத் தோட்டத்துப் பிள்ளைகள் அறிவர். செடியின் குலவேறுபாடு இவ்வாறு கூலியிலும் புகுகின்றது.

கலப்பினமும் குலச்செடியும்

சோளப் பயிரில் விளைவைப் பெருக்க அறிஞர் மேற்கொண்ட வழி கலப்பினமாகும். இந்தியாவில் 1964இல் வெளியிடப்பட்ட சி.எஸ்.எச்.-1 என்னும் சோளம் இருவேறு பெற்றோரைக் கலந்து பெறப்பட்டது. அதன் முதற்றலைமுறை வீறுடையது. அதன் விதையையே மீண்டும் விதைப்பின், குணங்கள் பிரிந்து விளைவு குன்றும். ஆதலின் உழவன் பருவந்தோறும் புதுவிதை வாங்குதல் இன்றியமையாதது.

தேயிலைக்கு வேறொரு வாய்ப்பு உண்டு. சிறந்த செடியொன்று கிடைத்தால், அதன் தண்டுத் துண்டுகளை வேரூன்றச் செய்து, அதே குணமுடைய கன்றுகளை வேண்டுமளவு பெறலாம். ஒரு செடியினின்று இவ்வாறு பெருகிய கூட்டத்தைக் குலச்செடி என்க. தோட்டத்தார் இதனை வீ.பீ. தேயிலை என்பர். ஓரிலையும் சிறு தண்டும் கொண்ட துண்டைப் புளிப்புத்தன்மையுள்ள மண் நிறைந்த பொலித்தீன் பையில் நட்டு, நிழலும் ஈரமும் காத்தல் வேண்டும். நாற்றுமேடையில் ஏறக்குறைய ஓராண்டு வளர்ந்தபின் கன்று மலைக்குச் செல்லும்.

1925இல் நிறுவப்பட்டுத் தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்தில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இத்துறையிற் பெரும்பணி ஆற்றியுள்ளது. அந்நிலையத்தின் 2020 வரிசைக் குலச்செடிகள், சிறப்பாக டி.ஆர்.ஐ. 2025, விளைவால் நாடெங்கும் பரவின. ஒரு குலத்தைத் தேர்ந்து, பல இடங்களிற் சோதித்து வெளியிட ஏறத்தாழ இருபது ஆண்டு செல்லும். கொழுந்தின் நிறையொன்றே அளவுகோலன்று. தேநீரின் மணம், வறட்சி தாங்கும் ஆற்றல், 1946இல் இலங்கையிற் புகுந்த கொப்புள நோயை எதிர்க்கும் வலிமை ஆகியனவும் நோக்கப்படும்.

ஒருமையின் தீங்கு

நன்மையுள்ளவிடத்தே தீங்கும் உண்டு. 2020 வரிசைச் செடிகள் ஏ.எஸ்.எம். 4/10 என்னும் ஒரே தாய்ச்செடியின் விதைகளினின்று தோன்றியவை. ஒரு நோய் ஒரு செடியை வென்றால், அதே குலத்தின் யாவற்றையும் வெல்லுதல் கூடும். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் இலங்கைக் கோப்பித் தொழிலை வீழ்த்திய வரலாறு நமக்கு எச்சரிக்கை. மேலும், விதைச்செடிக்குள்ள ஆணிவேர் துண்டிலிருந்து பிறந்த செடிக்கு இல்லாமையின், வறட்சியில் அது விரைந்து வாடுதல் உண்டு. ஆகவே பல குலங்களைக் கலந்து நடுதலும், புதிய பெற்றோரைச் சேர்த்துப் புதுக்குலங்களை ஆக்குதலும் அறிவுடைமை.

சிறுநிலத்தார் நிலை

இன்று இலங்கைத் தேயிலையிற் பாதிக்கு மேற்பட்டது சிறுநிலத்தாரிடமிருந்தே வருகின்றது. மலைநாட்டிலும் சில தோட்டங்களில் தொழிலாளர் குடும்பங்கள் துண்டுநிலங்களைப் பராமரித்துக் கொழுந்தை ஆலைக்கு விற்கின்றன. பழைய விதைத் தேயிலையே அத்துண்டில் நிற்குமாயின், உழைப்பு மிகுந்தும் வரவு குறையும். அதனைப் பிடுங்கிப் புதுக்கன்று நடலாமே எனின், மானாப்புல் அல்லது குவாத்தமாலாப் புல் வளர்த்து மண்ணைத் தேற்ற ஒன்றரை முதல் இரண்டாண்டு வேண்டும்; கன்று நிறைந்த பலன் தர மேலும் சில ஆண்டுகள் செல்லும். ஹெக்டேருக்கு ஏறக்குறைய 12,500 கன்றுகள் வேண்டும். முதலுடைய தோட்டம் அக்காலத்தைத் தாங்கும். நாட்கூலிக் குடும்பம் எவ்வாறு தாங்கும்?

ஆதலின் நல்ல குலத்தைக் கண்டறிதல் பாதிப் பணியே. நிலத்தைச் சிறுசிறு பகுதியாகப் புதுப்பித்தலும், காத்திருக்கும் ஆண்டுகளுக்கு உதவிப்பணம் அளித்தலும், கன்று வளர்க்கும் முறையைக் குடும்பங்களுக்குக் கற்பித்தலும் மற்றப் பாதியாகும். இவையின்றேல் ஆராய்ச்சியின் பயன் நாற்றுமேடையோடு நின்றுவிடும்.

வள்ளுவர் உழவுக்குத் தனியதிகாரம் வகுத்தார். அவ்வுழவின் மக்களாய்ப் பிறந்து விஞ்ஞானம் கற்கும் மாணவர் சிலரேனும், செடிநூலிற் சிறப்புற்று, தம் பெற்றோர் கூடை சுமந்த மலைகளுக்கே அவ்வறிவைக் கொண்டு செல்வாராக. நம் பழைய மாணவரும் அதற்குத் துணைநிற்றல் தகும்.