ரத்தம் கொடுக்க ஓடினோம், வேண்டாம் என்றார்களே?

கேள்வி: ஓ.எம்.ஆரில் அடிபட்ட நண்பருக்கு ரத்தம் கொடுக்கப் போனோம். உடனே ஏற்ற முடியாது என்றார்கள். ஏன்?
– வாசகர், சிறுசேரி

பதில்: எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா சோதனைகள் முடியவே மணிக்கணக்காகும். அந்நேரம் கைகொடுப்பது, யாரோ முன்பே கொடுத்து ரத்த வங்கியில் இருக்கும் பைதான். அதிலும் சிவப்பணுவை மட்டுமே ஏற்றிக்கொண்டிருந்தால் ரத்தம் உறையாது. பிளாஸ்மா, தட்டணுக்களும் வேண்டும்.

ரத்தத்தைவிட மலிவான உதவி ஒன்றுண்டு: ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் டிரானெக்ஸாமிக் அமில ஊசி. 40 நாடுகளில், இந்தியாவிலும், 20,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2010இல் வெளியான ‘கிராஷ்-2’ ஆய்வு, அது உயிரிழப்பைக் குறைப்பதாகக் காட்டியது. ஆனால் அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாண்டினால் கெடுதலாகக்கூட முடியலாம். ஆகவே நன்கொடையாளரைத் தேடுமுன் 108ஐ அழையுங்கள். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம்: சாலை விபத்துகளுக்கான தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், வரம்புக்குட்பட்டு, முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.