உடற்பயிற்சி அறை: எதை வைப்பது, எதை எடுப்பது?



குழுக் கூட்டத்தில் உடற்பயிற்சி என்று பேச்செடுத்தாலே ஒரு கேள்வி வந்துவிடுகிறது. "விடியக்காலைல இருந்து நாத்து பறிச்சு, நடவு நட்டு, குனிஞ்சே கெடக்குறோம். இதுக்கு மேல என்னக்கா எக்சர்சைஸ்?"

நியாயமான கேள்விதான். ஆனால் நடவும் களையெடுப்பும் உடம்பை ஒரே பக்கமாக மடக்குகிற வேலை. முதுகை நிமிர்த்துவது, தோளை விரிப்பது, காலை நீட்டி மடக்குவது எதுவும் அதில் இல்லை. அதனால்தான் நடவு சீசன் முடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறோம். இன்னொரு பக்கம், நம் டெல்டாவில் நடவு மெஷினும் அறுப்பு மெஷினும் வந்தபிறகு வேலை நாட்களே குறைந்துவிட்டன. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்து, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போய்ப் பரிசோதிக்கிற தன்னார்வலர்களில் பலர் நம் குழுப் பெண்கள்தான். அவர்களைக் கேட்டால் ஊர் நிலவரம் சொல்வார்கள்.

பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலை அசைத்துப் பயிற்சி செய்ய வேண்டும், அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. நடப்பதற்கு ஆற்றங்கரை ரோடு போதும். தசைப் பயிற்சிக்கு ஒரு இடம் வேண்டும். அந்த இடத்தை எப்படி அமைப்பது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

ஏன் யாரும் போகவில்லை?

தமிழக அரசு 2016இல் 500 கிராம ஊராட்சிகளில் பூங்காவும் உடற்பயிற்சிக் கூடமும் அமைக்கப்போவதாக அறிவித்தது. ஒரு கூடத்துக்கு 10 லட்சம் ரூபாய். கிராமத்துக்கு 'ஜிம்' என்ற பேச்சு அப்போதிருந்தே பரவலாகிவிட்டது. இளைஞர்கள் தாங்களாகவே வாடகைக்கு அறை பிடித்து நடத்துகிற ஊர்களும் உண்டு.

அப்படி ஒரு ஊரில், காலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு என்று ஒதுக்கி போர்டு எழுதி மாட்டினார்கள். நல்ல மனசோடு செய்ததுதான். முதல் வாரம் நம் உறுப்பினர்கள் பத்துப் பதினைந்து பேர் போனார்கள். மாதக் கடைசியில் ஒருவர்கூட இல்லை. ஏன் என்று கேட்டோம். ஜன்னல் டீக்கடையைப் பார்த்து இருக்கிறது. சுவர் முழுக்கச் சட்டையில்லாத ஆம்பளைகள் படம். வாசலுக்கு எதிரே பெரிய கண்ணாடி, ரோட்டில் போகிறவன் நம்மை அதிலேயே பார்த்துவிடுவான். பாத்ரூம் இல்லை. சேலை மாற்ற மறைப்பு இல்லை. தரையெல்லாம் இரும்புக் குண்டுகள், எங்கே காலை வைப்பதென்று தெரியவில்லை. "உள்ள போனா யாரோ வீட்டுக்குள்ள தெரியாம நுழைஞ்ச மாதிரி இருந்துச்சு" என்றார் ஒரு அக்கா.

மெஷின் சரியில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. அறையைப் பற்றித்தான் அத்தனை குறையும்.

குறைந்த பொருள், இதமான நிறம்

பட்டணத்தில் வீட்டுக்குள் அலங்காரம் செய்து தருகிறவர்கள் 'வார்ம் மினிமல்' என்று ஒரு பாணி சொல்கிறார்கள். சாமான் குறைவாக இருக்கும். பளபளப்பு இருக்காது. மண், மரம், வைக்கோல், பாய் இவற்றின் நிறங்கள்தான் கண்ணில் படும். 'வார்ம்' என்றால் கதகதப்பு. சித்திரை வெயிலில் நமக்கு எதற்குக் கதகதப்பு என்று சிரிக்காதீர்கள். அது குளிர் தேசத்துக்காரர்கள் வைத்த பெயர். பார்க்க இதமாக இருக்க வேண்டும் என்ற பொருளில் எடுத்துக்கொள்வோம். நம் அறை கண்ணுக்கு இதமாகவும் உடம்புக்குக் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும்.

இது ஒன்றும் புதிதல்ல. ஜப்பானும் நம்மைப் போல நெல் விளைகிற நாடு. அங்கே முன்பு ஜூடோ பழகும் கூடத்தில் விரித்த தாதாமி என்ற பாய் மெத்தைக்கு உள்ளே வைக்கோலை அழுத்தி வைத்து, மேலே கோரை போன்ற ஒரு புல்லில் நெய்த பாயைத் தைத்தார்கள். செருப்பு வாசலோடு சரி. உள்ளே பாயைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இருக்காது. பக்கத்தில் கேரளத்துக் களரி இருக்கிறது. நீளம் 42 அடி, அகலம் 21 அடி என்பது அதன் கணக்கு. தரையைத் தோண்டி இறக்கி, மண் தரையில் வெறுங்காலோடு பழகுவார்கள். நம் பக்கத்துப் பழைய தேகப்பயிற்சிச் சாலையிலும் செம்மண் கோதாவும் நாலு ஜோடி கர்லாக்கட்டையும்தானே இருந்தன!

முதலில் காலி செய்யுங்கள்

குழுக் கட்டடத்தில் ஒரு அறையோ, பயன்படாமல் கிடக்கும் பழைய கட்டடமோ கிடைத்தால் முதல் வேலை அதைக் காலி செய்வது. உடைந்த நாற்காலி, பழைய பேனர், யாரோ வைத்துவிட்டுப் போன உரச் சாக்கு எல்லாம் வெளியே. அதன்பிறகு டேப் பிடித்து அளவெடுங்கள். மல்லாந்து படுத்துக் கையை விரிக்க ஒருவருக்கு 7 அடி நீளம், 5 அடி அகலம் வேண்டும். அதாவது 35 சதுர அடி. 20 அடிக்கு 15 அடி அறை 300 சதுர அடி. கணக்குப்படி எட்டுப் பேர். பெஞ்சு, அலமாரி போக ஆறு பேர் தாராளமாகச் செய்யலாம். குழுவில் பதினைந்து பேர் இருந்தால் இரண்டு மூன்று அணியாக வரலாம். இதிலேயே புரிந்திருக்கும், ஒரு பெரிய மெஷினை உள்ளே வைத்தால் ஒரு பெண்ணின் இடம் போய்விடுகிறது.

ஓடுகிற மெஷின் வேண்டாமா என்று இளம்பெண்கள் கேட்பார்கள். வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மோட்டார் இருக்கிறது, வோல்டேஜ் இறங்கினால் மக்கர் பண்ணும், பெல்ட்டுக்கு எண்ணெய் விட வேண்டும், ரிப்பேர் என்றால் தஞ்சாவூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ஆள் வர வேண்டும். இதற்காகக் குழுவில் கடன் எடுத்தால் மெஷின் நின்ற பிறகும் தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டு கிலோ, மூன்று கிலோ கைக்குண்டுகள் சில ஜோடி, சிறிய கர்லாக்கட்டை இரண்டு ஜோடி, தடித்த துணிப்பையில் மணல் நிரப்பி வாயைத் தைத்த ஐந்து கிலோ மூட்டைகள், இடுப்பு உயரத்தில் சுவரோடு பிடித்த ஒரு மரக்கம்பு. ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். கம்பைப் பிடித்து உட்கார்ந்து எழுவதே முழங்காலுக்குப் பெரிய பயிற்சி. கர்ப்பப்பை இறக்கம், பிரஷர், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் கிராம செவிலியரிடமோ டாக்டரிடமோ கேட்டுவிட்டுத்தான் எடை தூக்க வேண்டும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

ஜன்னல், சுவர், தரை

ஜன்னல்தான் பெரிய விஷயம். பார்வை விழக் கூடாது என்று ஜன்னலைச் சாத்திவிட்டால் பத்து நிமிடத்தில் மூச்சு முட்டும். ரோட்டுப் பக்க ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் மூங்கில் தட்டியோ கோரைத் தட்டியோ கட்டுங்கள். ஆள் உயரத்துக்கு மேலே திறந்தே இருக்கட்டும். புதிதாகச் சுவர் எழுப்புவதாக இருந்தால் ஐந்தரை அடிக்கு மேல் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கச் சொல்லுங்கள். காற்று வரும், வெளிச்சம் வரும், பார்வை வராது. எதிர்ச் சுவரிலும் திறப்பு இருந்தால்தான் காற்று ஓடும்.

சுவருக்குப் பளிச்சென்ற பெயிண்ட் வேண்டாம். சுண்ணாம்பில் கொஞ்சம் மஞ்சள் காவிப் பொடி கலந்து அடித்தால் புது வைக்கோல் நிறம் வரும். முதலில் ஒரு மூலையில் அடித்துக் காயவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் ஒரு நிறமும் காய்ந்தபின் ஒரு நிறமும் காட்டும். கையில் ஒட்டாமல் இருக்கப் பசை கலப்பதைச் சுண்ணாம்பு அடிக்கிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். படம் எதுவும் ஒட்டாதீர்கள். ஒரு கண்ணாடி போதும், அதுவும் வாசலிலிருந்து தெரியாத சுவரில். முதுகு நேராக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது.

தரைக்கு வழவழப்பான டைல்ஸ் பார்க்க அழகு, வியர்வை சிந்தினால் வழுக்கும். நம் பாட்டி வீடுகளில் இருந்த சிவப்பு சிமெண்டுத் தரையே நல்லது. மெருகு மட்டும் ரொம்ப ஏற்ற வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் மெருகேற்றுவதில்தான் பெருமைப்படுவார்கள்! நின்று செய்வதை வெறுங்காலோடு தரையிலேயே செய்யலாம். படுத்துச் செய்வதற்குக் கோரைப்பாய். பாய் மேல் நின்று குதிக்கக் கூடாது, நழுவும். ஐப்பசி கார்த்திகை மழையில் தரையில் ஓதம் காத்துப் பாயில் பூஞ்சை பிடிக்கும். அதனால் பாயைச் சுருட்டித் தரையில் வைக்காமல் சுவரில் கம்பி அடித்துத் தொங்கவிடுங்கள், வெயில் கண்ட அன்று வெளியே போடுங்கள்.

உட்கார ஒரு பெஞ்சு வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் லட்சக்கணக்கான தென்னை சாய்ந்ததை மறந்திருக்க மாட்டோம். முற்றிய தென்னையின் வெளிப்பக்க மரம் நல்ல உறுதி, நடுப்பகுதி சோத்தி. வெளிப்பக்கத்தில் அறுத்த பலகைக்குப் பூச்சி மருந்து பூசிச் செய்தால் பெஞ்சு பல வருஷம் உழைக்கும். புள்ளி புள்ளியான அந்த மரத்துக்கு ஒரு தனி அழகு உண்டு. பிரம்புக் கூடை வேண்டுமென்றால் கொள்ளிடம் பக்கத்துத் தைக்காலில் கிடைக்கும், கைக்குண்டுகளைப் போட்டு வைக்கலாம்.

விளக்கு வாங்கும்போது பல்பு பெட்டியில் 'வார்ம் ஒயிட்' என்றோ, 2700 அல்லது 3000 கே என்றோ போட்டிருக்கிறதா பாருங்கள். பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சள் வெளிச்சம் தரும். அதைக் கூரையில் மாட்டாமல் பக்கச் சுவரில் மாட்டுங்கள், மல்லாந்து படுக்கும்போது கண் கூசாது. கூரை பத்து அடிக்குக் குறைவாக இருந்தால் சீலிங் ஃபேன் ஆபத்து. கர்லாக்கட்டையைச் சுற்றுகிற கை மேலே போகும். சுவர் ஃபேன் போட்டுக்கொள்ளலாம்.

பொம்பளைங்க வர என்ன வேணும்?

நாலடிக்கு நாலடி ஒரு மறைப்பு, உடை மாற்ற. உள்ளே இரண்டு ஆணி, ஒரு சின்னப் பலகை. பக்கத்தில் கழிப்பறை, தண்ணீரோடு. இந்த இரண்டும் இல்லாமல் மற்றதெல்லாம் செய்து பயனில்லை. காசு குறைவாக இருந்தால் பெயிண்டையும் பெஞ்சையும் தள்ளிப்போடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் செல்போனுக்கு ஒரு தட்டு. போன் உள்ளே வரக் கூடாது. போட்டோ எடுத்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே பல வீடுகளில் மருமகளை அனுப்ப மாட்டார்கள். மாமியாரையும் சேர்த்து அழைத்து வந்து அறையைக் காட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அவரே மறுநாள் வந்து உட்காருவார்.

உத்திரத்தில் உறுதியான ஒரு கொக்கி போடுங்கள், தூளி கட்ட. கைக்குழந்தைக்காரிக்கு அந்த ஒரு கொக்கி இருந்தால் போதும். கீழே எடைகள் இல்லாத மூலையாகப் பார்த்துப் போட வேண்டும்.

இவ்வளவு குறைவான சாமான் என்றால் இன்னொரு வசதியும் இருக்கிறது. பாயைத் தொங்கவிட்டு, கூடையை ஓரம் தள்ளினால் அதே அறையில் குழுக் கூட்டம் நடத்தலாம். சம்பா நடவு மும்முரத்தில் யாரும் வர மாட்டார்கள், அறை சும்மா இருக்கும். அப்போதுதான் ஜாக்கிரதை வேண்டும். "பத்து நாளைக்குத்தானேம்மா" என்று யாராவது விதை நெல் மூட்டையைக் கொண்டுவந்து இறக்குவார்கள். அறுவடை வரைக்கும் அது அங்கேயே இருக்கும், எலியும் வந்துவிடும்.

அதனால் சாவி யாரிடம் என்பதை முதல் கூட்டத்திலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். மாதம் ஒருவர் என்று சுற்றில் வரட்டும். விடியற்காலை ஐந்தரைக்குத் திறப்பதா, வயல் வேலை முடிந்து மூன்று மணிக்குத் திறப்பதா என்பதையும் அன்றே பேசி முடிவு செய்யுங்கள். அறையின் நீள அகலமும், கூரை உயரமும், ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் ஒரு தாளில் வரைந்து அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எங்கே தட்டி கட்டுவது, எங்கே கம்பு அடிப்பது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.