நின்று உழைக்கும் கால்களுக்கு ஓர் இருக்கை

ஜவுளிக் கடையில் விற்பனையாளராகப் பணிபுரியும் பெண்மணி ஒருவர் சில மாதங்களுக்கு முன் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்தார். இடது கணுக்காலின் உட்புறத்தில் அவருக்கு ஒரு புண் இருந்தது. ஏழு மாதங்களாகக் களிம்பு தடவியும் மாத்திரைகள் உட்கொண்டும் அது ஆறவில்லை. சர்க்கரை நோய் இல்லை. புண்ணைச் சுற்றியிருந்த தோல் கறுத்துத் தடித்திருந்தது. கெண்டைக்காலில் இரத்த நாளங்கள் புடைத்து, வளைந்து நெளிந்து காணப்பட்டன. நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் என்று பதினெட்டு ஆண்டுகளாக அவர் நின்றுகொண்டே வேலை செய்து வந்திருக்கிறார்.

“கடையில் உட்கார இடம் இல்லையா?” என்று கேட்டேன்.

“ஸ்டூல் போட்டிருக்காங்க டாக்டர். ஆனா நாங்க யாரும் உட்கார மாட்டோம். உட்கார்ந்தா வேலையில அக்கறை இல்லைன்னு நினைப்பாங்க” என்றார்.

அவருடைய புண்ணை ஆற்றுவதற்கு மருத்துவத்தில் வழி உண்டு. ஆனால் அது மீண்டும் வராமல் தடுப்பதில் அந்த ஸ்டூலுக்கும் பங்கு உண்டு. ஜவுளிக் கடை, நகைக் கடை, உணவகம், பாதுகாவல் பணி என நின்றபடியே உழைக்கும் பலருடைய குடும்பங்கள் இவ்விதழைப் படிப்பதால், இதனைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நரம்பு அன்று, சிரை

இந்நோயை மக்கள் “நரம்பு சுருட்டிக்கொண்டது” என்று சொல்வது வழக்கம். உண்மையில் பாதிக்கப்படுவது நரம்பு அன்று. அசுத்த இரத்தத்தை இதயத்திற்குத் திரும்பக் கொண்டு செல்லும் சிரை. மருத்துவத்தில் இதனை வெரிக்கோஸ் வெயின் என்கிறோம்.

பாதத்திலிருக்கும் இரத்தம் புவியீர்ப்புக்கு எதிராக மேலேறி இதயத்தை அடைய வேண்டும். இதற்கு உதவுவது கெண்டைக்கால் தசை. நாம் நடக்கும்போது அத்தசை சுருங்கிச் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளப்பட்ட இரத்தம் கீழிறங்காதபடி சிரைகளுக்குள் உள்ள சிறு வால்வுகள் மூடிக்கொள்கின்றன. கெண்டைக்காலை “இரண்டாவது இதயம்” என்று கூறுவது இதனாலேயே.

அசையாமல் நிற்கும்போது கணுக்காலருகே சிரையின் அழுத்தம் ஏறத்தாழ 80 முதல் 90 மி.மீ. பாதரச அளவுக்கு உயர்கிறது. நலமான கால்களில், நடக்கத் தொடங்கியதும் அது 30க்குக் கீழே இறங்கிவிடும். ஆகவே, காலுக்குத் தீங்கு செய்வது உழைப்பு அன்று. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதே. உயர்ந்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் சிரைகள் விரிந்து, வால்வுகள் சரிவர மூடாமற்போகின்றன. தேங்கிய இரத்தத்தின் கூறுகள் தோலுக்குள் கசிந்து கறுப்பு நிறத்தையும் அரிப்பையும் உண்டாக்குகின்றன. இறுதியில் ஒரு சிறு கீறல்கூட ஆறாத புண்ணாக மாறுகிறது.

நிற்பது மட்டுமே இந்நோய்க்குக் காரணம் என்று கூற இயலாது. பரம்பரை, கருவுற்ற காலம், உடற்பருமன், வயது ஆகியவையும் காரணங்களே. ஆனால் பிறப்பையும் வயதையும் நம்மால் மாற்ற முடியாது; நிற்கும் முறையை மாற்ற முடியும்.

சட்டம் கூறுவது

இக்கவலை புதியதன்று. கடைகளில் பணிபுரியும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கை வீதம் அளிக்க வேண்டும் என்று பிரிட்டனில் 1899ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. நம் நாட்டில், நின்று வேலை செய்யும் ஆலைத் தொழிலாளர்களுக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்பதை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வலியுறுத்தியது. கடை ஊழியர்கள் அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. கோழிக்கோட்டுக் கடைகளில் பணிபுரிந்த பெண்கள் குரலெழுப்பியதைத் தொடர்ந்து, கேரளம் 2018இல் தன் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021இல் திருத்தப்பட்டு, 22-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. பணியின் இடையே கிடைக்கும் வாய்ப்புகளில் ஊழியர் அனைவரும் அமர்வதற்கு ஏற்ற இருக்கை வசதி ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

ஆகவே, வேலையில்லாத நேரத்தில் அமர்வது முதலாளி காட்டும் சலுகையன்று, ஊழியரின் உரிமை. ஆயினும் அமர்ந்தால் கண்டிப்பார்கள் என்ற அச்சம் இருக்குமிடத்தில், போடப்பட்ட ஸ்டூலும் பயன்படாமலே கிடக்கும்.

பணியிடத்தில் செய்யத்தக்கவை

நாள் முழுதும் நிற்பதற்கு மாற்று, நாள் முழுதும் உட்காருவது அன்று. தொடர்ந்து உட்கார்ந்தாலும் கெண்டைக்கால் தசை வேலை செய்வதில்லை. நிற்றல், அமர்தல், நடத்தல் மூன்றும் மாறி மாறி நிகழ வேண்டும்.

• வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில், சில நிமிடங்களேயாயினும், அமருங்கள்.
• அரை மணிக்கு ஒருமுறை குதிகால்களை உயர்த்தித் தாழ்த்துங்கள். பத்துப் பதினைந்து முறை போதும். நின்ற இடத்திலேயே செய்யலாம்.
• தாழ்வான பலகையொன்றில் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்து நில்லுங்கள்.
• உயர்ந்த குதிகால் செருப்பைத் தவிர்த்திடுங்கள்.
• அழுத்தக் காலுறையைக் காலையில் எழுந்ததும், கால் வீங்குமுன் அணிய வேண்டும். ஆனால் மருத்துவரைக் கேளாமல் வாங்கி அணியாதீர்கள். சர்க்கரை நோய், புகைப்பழக்கம் ஆகியவற்றால் காலின் தமனிகளில் அடைப்பு இருப்பின், அழுத்தம் தீங்கு விளைவிக்கும்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்

கடையில் பத்து மணி நேரம் நின்ற பெண், வீடு திரும்பியதும் அடுப்பின் முன் மேலும் இரண்டு மணி நேரம் நிற்கிறார். அவர் கால்களுக்கு உண்மையான ஓய்வு எப்போது கிடைக்கும் என்பதைக் குடும்பத்தினர் எண்ணிப் பார்க்க வேண்டும். வந்தவுடன் பதினைந்து நிமிடமேனும் அவர் படுத்து, கால்களைத் தலையணைகளின் மேல் இதயத்தைவிட உயரமாக வைத்திருக்கட்டும். காய் நறுக்குதல் போன்ற வேலைகளை வீட்டார் பகிர்ந்துகொள்ளலாம்.

மருத்துவரை அணுக வேண்டிய நேரம்

மாலையில் கால் கனத்தல், கணுக்கால் வீக்கம், இரவில் கெண்டைக்கால் குரக்குவலி, தோல் கறுத்தல், அரிப்பு ஆகியவை தொடக்க அறிகுறிகள். இந்நிலையிலேயே வந்தால் டாப்ளர் ஸ்கேன் மூலம் பழுதான சிரையைக் கண்டறிந்து, புண் ஏற்படுமுன் சிகிச்சை அளிக்கலாம்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், அது ஆழ்சிரையில் இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு வரவேண்டும். அதனுடன் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருப்பின் உடனே 108ஐ அழைக்க வேண்டும். புடைத்த சிரையிலிருந்து இரத்தம் பீறிட்டால், நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தபடி அழைத்து வாருங்கள். புண்ணுக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது.

முதலில் குறிப்பிட்ட பெண்மணிக்குத் தமனிகளில் அடைப்பு இல்லை என்பதை உறுதிசெய்தபின் அழுத்தக் கட்டுப் போட்டோம். பழுதான சிரையை லேசர் முறையில் அடைத்தோம். நான்கு மாதங்களில் புண் முழுமையாக ஆறியது. அவரிடம் மருந்துச் சீட்டுடன் ஒரு கடிதமும் கொடுத்தனுப்பியிருந்தேன். பணியிடையே இவர் அமர்வது மருத்துவத் தேவை என்றும், சட்டமும் அதனை அனுமதிக்கிறது என்றும் கடை மேலாளருக்கு எழுதியிருந்தேன். கடைசியாக வந்தபோது, “இப்ப எங்க செக்ஷன்ல நாலு பேரும் மாத்தி மாத்தி உட்கார்றோம் டாக்டர்” என்றார்.

உங்கள் பணியிடத்திலும் இத்தகைய கடிதம் தேவைப்பட்டால், தயங்காமல் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நாம் அனைவரும் கடைக்குச் செல்பவர்களே. அடுத்த முறை செல்லும்போது விற்பனையாளர் ஒருவர் அமர்ந்திருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். வேண்டிய பொருளை அமர்ந்தபடியே எடுத்துத் தர முடியுமாயின், “உட்கார்ந்தே காட்டுங்கள்” என்று நாமே சொல்லலாம்.