எந்த ஆண்டு, என்ன கியர்பொக்ஸ், யார் பாவித்தது?

“யப்பான் கார்தானே அண்ணை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்தானே?” என்று கேட்டு வருகிற இளையவர்களுக்கு நான் உடனே ஓம் என்று சொல்வதில்லை. மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். எந்த ஆண்டுக் கார்? என்ன கியர்பொக்ஸ்? இதுவரை யார் பாவித்தது? யாழ்ப்பாணத்தில் பல வருடமாக யப்பான் கார்களையே ஓட்டுகிறேன். சொந்தக்காரரும் நண்பர்களும் கார் பார்க்கப் போகும்போது கூடப் போகிறேன். ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டுக் கார் சத்தமில்லாமல் ஓடுகிறது, அதே நிறுவனத்தின் கார் நாலு வீடு தள்ளி அடிக்கடி கராஜுக்குப் போய் வருகிறது. ஒருவர் புகழ்கிறார், மற்றவர் திட்டுகிறார். இருவரும் சொல்வது உண்மை. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் வாங்குவதும் பராமரிப்பதும் எளிது.

யப்பான் காருக்கு எங்கள் ஊரில் இருக்கிற பெயர் சும்மா வந்ததல்ல. ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு தெற்கும் வடக்குமாக ஓடிய டொல்பின் வான்களும், பழைய நிசான் சன்னிகளும் கொரோலாக்களும் உழைத்துச் சம்பாதித்த பெயர் அது. நான் இப்போது ஓட்டுவது எங்கள் ஆட்கள் ‘121’ என்று அழைக்கும் கொரோலா. 1500 சிசி எஞ்சின், அதில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி, நாலு கியர் ஓட்டோ. 2000ஆம் ஆண்டில் இந்தக் கார் வெளிவந்தபோதே அந்த வகைக் கியர்பொக்ஸ் பழசாகிவிட்டது. அதுதான் அதன் பலம். பிழைகளெல்லாம் முந்தைய கார்களிலேயே கண்டுபிடித்துத் திருத்தப்பட்டுவிட்டன. பிரேக் பாட், புஷ், ஷொக் அப்சோபர், றப்பர் குழாய் என்று தேய்கிற சாமான்களைத் தவிர நான் அதற்குப் பெரிதாக எதுவும் செய்ததில்லை. எஞ்சின் ஒயிலை மட்டும் நேரத்துக்கு மாற்றிவிடுவேன். அதில் ஒருநாளும் தவணை சொல்வதில்லை.

இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு யப்பானில் செய்த எல்லாக் காரும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. ஹைபிரிட் கார்களை எடுத்துப் பாருங்கள். ரொயோட்டா 1997 டிசம்பரில் பிரியஸை விற்கத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த வழி மிகவும் எளிமையானது. நடுவில் ஒரு பற்சக்கரம், அதைச் சுற்றிச் சின்னப் பற்சக்கரங்கள், வெளியே ஒரு வளையம், கூட இரண்டு மின்மோட்டர்கள். கியர்பொக்ஸ் என்பது அவ்வளவுதான். தேயக் கிளட்ச் இல்லை, அறுந்துபோகக் கியர்பொக்ஸ் பெல்ட் இல்லை, எரிந்துபோகத் தனி ஸ்டார்ட்டர் மோட்டரும் இல்லை. 2013இன் கடைசி மாதங்களில் ஹொண்டா வெளியிட்ட ஃபிட் ஹைபிரிட்டும் வெசலும் வேறு வழியில் போயின. ஏழு கியர், இரட்டைக் கிளட்ச். ஓட்டும்போது கார் உற்சாகமாகப் பாயும், பெற்றோலும் மிச்சம். ஆனால் வந்த ஓராண்டுக்குள் யப்பானிலேயே அவற்றைத் திரும்பத் திரும்பத் திருத்தத்துக்கு அழைக்க வேண்டி வந்தது. முதலில் வந்த அழைப்புகள் அந்தக் கியர்பொக்ஸின் மென்பொருள் சம்பந்தமானவை. இரண்டும் யப்பான், இரண்டும் ஹைபிரிட், உள்ளே இருப்பது வேறு வேறு இயந்திரம்.

ஓடுகிற இடமும் சேர்ந்துகொள்ளும். இரட்டைக் கிளட்ச் காரை வெள்ளவத்தையில் காலி வீதி நெரிசலில் தினமும் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் கிளட்ச் சூடேறும். அதே வகைக் காரை வைத்திருக்கும் என் நண்பர் ஒருவர் பெரும்பாலும் ஏ-9இல் சீரான வேகத்தில் வன்னிக்குப் போய் வருபவர். அவர் இன்றுவரை ஒரு குறை சொன்னதில்லை. நெரிசலில் முன்காரோடு ஒட்டி ஒட்டி ஊராமல், கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரேயடியாக நகருங்கள் என்று இந்த வகைக் கார் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வேன். கிளட்சுக்கு அது பெரிய உதவி.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் யப்பான் காரையே நம்பாதவர். அவரிடம் இருப்பது பழைய ஒஸ்டின் கேம்பிறிட்ஜ். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பெற்றோல் கிடைக்காதபோது, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் அதுவும் ஒன்று. “தம்பி, உன்ர கார் றோட்டில நிண்டால் கொம்பியூட்டரோட வாற ஆளை நீ தேடோணும். இதை நான் ஒரு ஸ்பானரோட ஓட வைப்பன்” என்பார். அவர் சொல்வதை நான் மதிக்கிறேன். பழுதே வராத கார் வேண்டும் என்று நாங்கள் தேடுகிறோம். எந்தப் பழுது வந்தாலும் கையால் திருத்தக்கூடிய கார்தான் அவருக்கு வேண்டும், அந்தக் காலம் அவருக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்தது. நெடுந்தீவிலோ வன்னியின் உள்ளூரிலோ இருப்பவர் ஹைபிரிட் வாங்குமுன் அவருடைய கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். இதைத் திருத்தத் தெரிந்தவர், ஸ்கானர் வைத்திருப்பவர், எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்?

இனி, யார் பாவித்தது என்ற கேள்வி. யப்பானில் புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் ‘சாக்கென்’ என்ற கட்டாயப் பரிசோதனை உண்டு. செலவு கூடியது. அதனால் பலர் அடுத்த பரிசோதனைக்கு முன்பே காரை ஏலத்துக்கு விட்டுவிடுகிறார்கள். நல்ல நிலையிலுள்ள கார்கள் எங்களிடம் வந்து சேர்வதற்கு அது ஒரு முக்கியமான காரணம். ஏலத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒரு ஒக்ஷன் ஷீற் எழுதப்படும். 4.5, 4 என்றால் நல்லது, 3.5 என்றால் பார்த்து வாங்க வேண்டும், ஆர் அல்லது ஆர்ஏ என்றிருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்தியது. அந்தத் தாளிலுள்ள கார்ப் படத்தில் ஏ என்று குறித்த இடம் கீறல், யு என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் தட்டிப் பெயின்ற் அடித்தது. விற்பவர் காட்டும் பிரதியை மட்டும் நம்பாமல் செசி இலக்கத்தைக் கொடுத்து வேறு வழியில் மூலத் தாளை எடுத்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு ஒரு விற்பனையாளர் காட்டிய தாளில் இருந்த கிலோமீற்றர் வேறு, மூலத் தாளில் இருந்தது வேறு. பார்க்கப் புத்தம் புதுசாக மினுங்கிய கார் அது. பிரேக் மிதியின் றப்பரும் சாரதி சீற்றின் ஓரமும் தேய்ந்திருந்ததுதான் எங்களுக்குச் சந்தேகத்தைத் தந்தது. மீற்றரைப் பின்னுக்குச் சுற்றுகிறவர்கள் மிதியின் றப்பரை மறந்துவிடுகிறார்கள்.

காரை உயர்த்தி அடிப்பக்கத்தையும் பாருங்கள். ஹொக்கைடோ போன்ற பனி விழும் இடங்களில் குளிர்காலத்தில் வீதியில் உப்புத் தூவுவார்கள். அங்கே ஓடிய காரின் மேற்பக்கம் பளபளக்கும், கீழே துரு தின்றிருக்கும். அதைக் கொண்டுவந்து காரைநகர்க் கடற்காற்றில் நிறுத்தினால் மீதியும் சீக்கிரம் போகும்.

பராமரிப்பில் நான் அதிகம் வாதாடுவது தண்ணீர் விஷயத்தில்தான். குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருகிறது. கேத்தலின் அடியில் படிகிற வெள்ளைப் படையை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். அதே தண்ணீரை றேடியேற்றருக்குள் ஊற்றினால் அதே படை எஞ்சினுக்குள்ளும் மெல்லிய குழாய்களிலும் படியும், அலுமினியத்தை அரிக்கும். என் மைத்துனரின் காருக்கு ஒரு கராஜில் கூலன்ற் குறைந்திருக்கிறது என்று பைப்புத் தண்ணீரை நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். பிறகு அது சூடேறத் தொடங்கி, ஹெட் கழற்றும் வரை போனது. அவர் இன்றைக்கும் அந்தக் கார் நிறுவனத்தைத்தான் குறை சொல்கிறார். எனக்கு அந்தக் காரில் கோபம் வரவில்லை. நிறுவனம் குறிப்பிட்ட கூலன்ற்றையே விடுங்கள், அவசரத்துக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் காருக்குள் வைத்திருங்கள்.

சிவிரி (CVT) வகைக் கியர்பொக்ஸின் ஒயிலும் இதே கதைதான். ரொயோட்டாவுக்கு எஃப்ஈ, நிசானுக்கு என்எஸ்-2 அல்லது என்எஸ்-3, ஹொண்டாவுக்கு எச்சிஎஃப்-2 என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஒயில் இருக்கிறது. கார் எந்த வகை கேட்கிறது என்று கைநூலில் பார்த்து அதையே விட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பரலில் இருந்து ஊற்றுகிற இடத்துக்குப் போகவேண்டாம். பெற்றோலைப் பற்றி அவ்வளவு கவலைப்படத் தேவையில்லை. யப்பானில் சாதாரண பெற்றோலில் ஓடிய காருக்கு இங்கே ஒக்டேன் 92 போதும்.

ஹைபிரிட் பற்றறியைக் குளிர்விப்பது கபினுக்குள் இருக்கும் காற்று. அதை இழுக்கும் துவாரம் பின்சீற்றுக்கு அருகில் இருக்கும். அதன் மேல் பையும் சட்டையும் குவிக்கக்கூடாது, செம்மண் தூசி ஏறினால் துப்புரவாக்க வேண்டும், வெயிலில் ஏசி போட்டு ஓட வேண்டும். ஏசி பற்றறிக்கும் சேர்த்துத்தான். மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் பற்றறிக்குள் 28 தொகுதிகள் இருக்கின்றன. ஒன்று பலவீனமானதும் அதை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பார்கள். மற்ற 27உம் அதே வயதுக் கிழங்கள், புதிதாக வந்ததோடு ஒத்துப்போகாமல் அடுத்தடுத்து விழும். காரைத் தொடர்ந்து வைத்திருக்கப் போகிறவர் காசு சேர்த்து முழுத் தொகுதியையும் மாற்றுவது நல்லது.

2020இல் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஐந்து ஆண்டுகள் நாடு முழுக்கப் பழைய கார்களே கைமாறின. பற்றறி மாற்ற வேண்டிய வயதை அடைந்த ஹைபிரிட்கள் வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்றன. அந்தக் காலத்தில் இரண்டாம் மூன்றாம் கையாக வாங்கியவர்களின் ஏமாற்றத்தை யப்பான் எஞ்சினியரின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. 2022இல் எரிபொருள் இல்லாமல் வாரக்கணக்கில் நின்ற கார்களில் சின்ன 12 வோல்ற் பற்றறிகள் இறங்கிப்போயின. அப்படி நின்ற காரை வேறு பற்றறியில் இருந்து ஸ்டார்ட் பண்ணும் அவசரத்தில் வயரை மாறிக் கொழுவினால் ஹைபிரிட்டின் இன்வேர்ட்டரே போகலாம். நிறத்தைப் பார்க்காமல் கூட்டல், கழித்தல் குறியைப் பார்த்துக் கொழுவுங்கள்.

கடைசியாக, எந்த யப்பான் காரை வைத்திருந்தாலும் இந்தக் கிழமையே செய்யவேண்டிய ஒன்று. தக்காத்தா நிறுவனத்தின் எயார்பாக்குகள் ஹொண்டா, ரொயோட்டா, நிசான் என்று பல நிறுவனங்களின் கார்களில் இருந்தன. அவற்றுக்குள் இருந்த அமோனியம் நைத்திரேற்று வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வருடக்கணக்கில் கெட்டு, விபத்தின்போது உலோகக் கூட்டையே உடைத்துத் துண்டுகளாக வீசியது. உலகெங்கும் பலர் இறந்தார்கள், நிறுவனம் 2017இல் வங்குரோத்தானது. எங்கள் நாட்டின் காலநிலை அந்த வெடிமருந்துக்கு மிகவும் பாதகமானது. யப்பானில் அனுப்பிய திருத்த அழைப்பு, கார் கப்பலேறிய பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. செசி இலக்கத்தை நிறுவனத்தின் யப்பானிய இணையப் பக்கத்தில் போட்டால், அந்தக் காருக்கு நிலுவையிலுள்ள திருத்தங்கள் தெரியும். இருந்தால் உள்ளூர் முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். மாற்றும் வரை முன்சீற்றில் பிள்ளைகளை இருத்தாதீர்கள்.