வங்கிக் கட்டணங்களை அறிந்து தவிர்ப்போம்



இலண்டனில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், வங்கிக் கடிதத்தைப் படித்துப் பொருள் கூறுபவர் பிள்ளையே. "கட்டணம் கழித்துவிட்டார்கள் அம்மா" என்று கூறிக் கடிதத்தை மடித்து வைத்தல் போதாது. எதற்காகக் கழித்தார்கள், தவிர்த்திருக்க இயலுமா என்பனவற்றையும் விளக்குதல் வேண்டும்.

மேலதிகப் பற்று

இந்நாட்டின் சாதாரண நடைமுறைக் கணக்கில் பணம் இருக்கும்வரை பொதுவாகக் கட்டணம் இல்லை. இருப்பதற்கு மேல் எடுக்கும்போதே செலவு தொடங்குகிறது. இதுவே மேலதிகப் பற்று. முன்னர், அனுமதியின்றிச் சில பவுண் மிகுதியாக எடுத்தவரும் அதனிலும் பெரிய கட்டணம் செலுத்த நேர்ந்தது. இதனை எதிர்த்து நியாய வர்த்தக அலுவலகம் ஏழு வங்கிகளோடும் ஒரு கட்டடச் சங்கத்தோடும் வழக்காடியது. 2009 நவம்பர் 25இல் உச்ச நீதிமன்றம் வங்கிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கட்டணம் நியாயமானது என்று அத்தீர்ப்புக் கூறவில்லை. அன்றைய ஒப்பந்த விதிகளின்படி அதன் அளவை அவ்வலுவலகம் ஆராய இயலாது என்றே கூறியது.

மாற்றம் 2020 ஏப்ரல் 6இல் வந்தது. நிதி நடத்தை ஆணையம் நாட்கட்டணத்தையும் மாதக்கட்டணத்தையும் தடைசெய்தது. இப்போது ஆண்டு வட்டி மட்டுமே அறவிடலாம். அனுமதியற்ற பற்றுக்கு வீதத்தைக் கூட்டலாகாது. ஆயினும் பல வங்கிகளின் வட்டி 40 வீதத்தை அண்டியது. 39.9 வீதத்தில் 200 பவுணை 30 நாள் வைத்திருப்பின் ஏறத்தாழ ஐந்தரைப் பவுண் வட்டியாகும்.

தவிர்க்கும் வழிகள்

1. நேரடிப் பற்றுகள் சம்பளம் வந்த பின்னர் கழியுமாறு திகதியை மாற்றக் கேளுங்கள்.
2. இருப்புக் குறையும்போது வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியை உடனே பாருங்கள்.
3. காப்புறுதியோடு மாதக் கட்டணமும் சேர்ந்த கணக்காயின், அக்காப்புறுதி உண்மையில் பயன்படுகிறதா என ஆராயுங்கள்.
4. சென்னையிலோ கொழும்பிலோ அட்டையைப் பயன்படுத்தினால் பல வங்கிகள் 3 வீதம் வரை அறவிடும். "பவுணா, ரூபாயா?" என்று இயந்திரம் கேட்டால் ரூபாயையே தெரிவுசெய்யுங்கள், பவுணைத் தெரிந்தால் நாணயமாற்று வீதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாகும்.
5. சில பண இயந்திரங்கள் கட்டணம் கேட்கும். திரையில் அதனைக் கண்டால் அட்டையை மீட்டுக்கொண்டு வேறிடம் செல்லுங்கள்.

முறையிடல்

தவறாகக் கழித்திருப்பின் முதலில் வங்கிக்கு எழுதுங்கள். எட்டு வாரத்துள் தீர்வு கிடைக்காவிடினும், கிடைத்த தீர்வு ஏற்புடையதாக இல்லாவிடினும், நிதிக் குறைகேள் அதிகாரியிடம் செல்லலாம். அச்சேவை இலவசம். வங்கியின் இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துள் முறையிடல் வேண்டும்.

பயிற்சி

பெற்றோரின் அனுமதியோடு சென்ற மூன்று மாத வங்கிக் கூற்றுகளை எடுங்கள். கட்டணம், வட்டி என்றுள்ள வரிகளைக் கோடிட்டுக் கூட்டுங்கள். ஒவ்வொன்றும் ஏன் வந்தது என்பதை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தமிழில் விளக்குங்கள்.