குழந்தைக்கு எந்த மூலை?

மும்பை நகரில் தாராவி என்று ஓர் இடம் இருக்கிறது. தமிழர்கள் நிறைய வாழும் இடம். பல தலைமுறைக்கு முன்பு, தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையில் இருந்து பலர் அங்கே போனார்கள். அவர்கள் வழியில் வந்த சில குடும்பங்கள் இன்று இட்லி சுட்டு விற்கின்றன.

அப்படி ஒரு குடும்பம். வீடு ஒரே அறை. நீளம் 12 அடி. அகலம் 10 அடி. மேலே தகரக் கூரை. கூரைக்குக் கீழே சாமான் போடும் மாலா. ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும்.

மாமனார், மாமியார், மகன், மருமகள், நாலு வயதுப் பேத்தி. ஐந்து பேர். ஆறாவதாக ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மாநகராட்சி மருத்துவமனையில் பிறந்தது. எடை 2 கிலோ 300 கிராம். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை என்று சொல்வார்கள்.

பிள்ளை நாளைக்கு வீட்டுக்கு வரப்போகிறது. எங்கே படுக்க வைப்பது?

மகன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டான். 12-ஐ 10-ஆல் பெருக்கினால் 120 சதுர அடி. குளிக்கும் மோரிக்கு 12. அடுப்பு மேடைக்கு 12. பீரோவுக்கு 8. மிச்சம் 88. ஒரு பாய்க்கு 18 சதுர அடி வேண்டும். அப்பாவுக்கு ஒரு பாய். அம்மாவும் மகளும் ஒரு பாய். மனைவிக்கு ஒன்று. அவனுக்கு ஒன்று. நாலு பாய்க்கு 72. மீதி 16 சதுர அடி. அதில்தான் குழந்தையும் படுக்க வேண்டும். ஆட்கள் நடக்கவும் வேண்டும்.

"நானும் பிள்ளையும் மாலாவில் படுத்துக்கிடுதோம்" என்றாள் மருமகள் போனில்.

"தகரத்துக்குக் கீழேயா? வெந்து போவீங்க" என்றான் அவன். இட்லி அவியும் ஆவியும் அடுப்புப் புகையும் அங்கேதான் ஏறும். பச்சை உடம்புக்காரி ராத்திரியில் பிள்ளையோடு ஏணி இறங்கவும் முடியாது. "நான் மேலே போறேன். என் பாய் இடம் உங்களுக்கு" என்றான். 18 சதுர அடி கிடைத்தது.

மாமியார் வேறு யோசனை வைத்திருந்தார். பெட்டியில் இருந்து ஒரு பழைய நூல் சேலையை எடுத்தார். அவருடைய அம்மாவின் சேலை. மகனும் அதில்தான் வளர்ந்தான். பேத்தியும் அதில்தான் வளர்ந்தாள். "உத்தரத்தில் தொட்டில் கட்டினால் தரையில் இடமே வேண்டாம். எலி வராது, எறும்பு வராது" என்றார்.

குழந்தை வந்த மறுநாள், அந்தச் சந்தில் இருக்கும் சுகாதாரப் பணியாளர் பார்க்க வந்தார். அவரும் தமிழ்ப் பெண்தான். 2011 முதல் நாடு முழுவதும் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் வராவிட்டால் கேட்டு வாங்கலாம்.

அவர் தொட்டிலைப் பார்த்தார். சேலையைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல சேலை ஆச்சி. ஆனா இந்தப் பிள்ளைக்கு இப்ப வேண்டாம்."

மாமியாருக்கு முகம் வாடியது. "நாங்க வளர்க்கலையா?" என்றார்.

"வளர்த்தீங்க. இல்லைன்னு யார் சொன்னா? பிள்ளை கழுத்தைப் பாருங்க. இன்னும் நிக்கலை. சேலைக்குள்ள உடம்பு வளையும். தாடை நெஞ்சில் போய் முட்டும். மூச்சுக் குழல் மடங்கும். சத்தமே வராது. சேலை மூடி இருக்கும், நமக்கும் தெரியாது."

அது உண்மை. எடை குறைந்த குழந்தைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். தொட்டிலில் வேறு ஓர் ஆபத்தும் உண்டு. பெரிய பிள்ளைகள் அதில் ஏறி ஆடி, சேலை முறுக்கிக் கழுத்தில் சுற்றிக்கொள்வது. அந்த வீட்டில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று இருந்தது.

"அப்ப இந்தச் சேலை?" என்றார் மாமியார்.

"நாலாக மடிச்சுப் பிள்ளைக்கு விரிப்பாப் போடுங்க. பழைய நூல் சேலை மாதிரி மெத்தென்ற துணி கடையில் கிடைக்காது."

மாமியார் உடனே பதில் சொல்லவில்லை. சாயங்காலம் சேலையைத் துவைத்து வெயில் படும் இடத்தில் காயப் போட்டார்.

அடுத்து, எந்த மூலை? அடுப்பு மூலை ஆகாது. விடியற்காலை மூன்று மணிக்கு அங்கே அடுப்பு எரியும். கொதிக்கும் இட்லிக் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடப்பார்கள். அடுப்பில் இருந்து வாசல் வரை அந்த வழியில் யாருமே படுக்கக் கூடாது. மோரிப் பக்கம் ஈரம், எலி நடமாட்டம். பீரோ பக்கத்தில் சுவர்ப் பலகை நிறையப் பாத்திரம். ஒரு குத்துப்போணி விழுந்தால் போதும்.

மிச்சம் இருந்தது ஒரே மூலை. ஜன்னல் பக்கம். காற்று வரும், வெளிச்சம் வரும். அங்கே முப்பது வருடமாக மாமனார் படுத்திருந்தார்.

இதை யார் அவரிடம் சொல்வது? மகன் வாயைத் திறக்கவில்லை. மருமகள் பேசவே முடியாது. பணியாளர் பேச ஆரம்பிக்கும் முன்பு பெரியவர் இருமினார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபடியும் இருமினார்.

"எத்தனை நாளா இருமல் தாத்தா?"

"அது கிடக்கு, ஒரு மாசமா."

பணியாளர் படுக்கை இடத்தைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டார். "நாளைக்குக் காலையில் என்கூட வாங்க. சளி சோதனை பண்ணணும். காசு கிடையாது" என்றார்.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் காசநோய்ச் சோதனை செய்ய வேண்டும். இது எல்லா மாநிலத்துக்கும் பொது. பெரியவருக்குக் காசநோய் இருந்தது.

வீடு கலங்கிப் போனது. அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்தார் மாமியார். அது தேவை இல்லை என்றார் மருத்துவர். காசநோய் தட்டில் பரவாது. இருமும்போது காற்றில் பரவும். மருந்து இலவசம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் சாப்பிட வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. சத்தான உணவுக்காக அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய் ஆனது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் சில வாரங்களில் நோய் பரவுவது மிகவும் குறைந்துவிடும்.

"பிள்ளை எந்த மூலையில் படுத்தால் பத்திரம் டாக்டர்?" என்று கேட்டான் மகன்.

ஒரே அறையில் எந்த மூலையும் போதிய தூரம் இல்லை என்றார் மருத்துவர். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசி குழந்தையைக் கடுமையான காசநோயில் இருந்து காக்கும். ஆனால் அது மட்டும் போதாது. இரண்டு குழந்தைகளையும் அவர் சோதித்தார். இரண்டு பேருக்கும் நோய் இல்லை. நோய் வராமல் தடுக்க எடைக்கு ஏற்ற மருந்து கொடுத்தார். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார்.

அன்று இரவு பெரியவர் தானாகவே பாயைச் சுருட்டினார். சந்தில், இட்லிப் பாத்திரம் வைக்கும் சாய்ப்பு ஒன்று இருந்தது. மூன்று பக்கமும் காற்று. "நான் இங்கே படுத்துக்கிடுதேன். மருந்து வேலை செய்யட்டும்" என்றார். மகன் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தான். பேத்தி அழுதாள். வாசலில் நின்றபடி அவளுக்குக் கதை சொன்னார் தாத்தா.

ஜன்னல் மூலை குழந்தைக்கு வந்தது.

தாய்க்கு ஒரு பாய். அதை ஒட்டிக் குழந்தைக்கு ஒரு சின்னப் பாய். இரண்டு அடிக்கு மூன்று அடி. தாயின் கை எட்டும் தூரம். ஆனால் தாயின் போர்வைக்குள் இல்லை. அக்காவைக் குழந்தை பக்கத்தில் படுக்க விடவில்லை. தூக்கத்தில் காலைத் தூக்கிப் போடுவாள். குடித்தவர், பீடி புகைப்பவர், மயக்கம் தரும் மருந்து சாப்பிட்டவர் பக்கத்திலும் குழந்தையைப் படுக்க வைக்கக் கூடாது.

விரிப்பு இறுக்கமாக இருக்க வேண்டும். தலையணை வேண்டாம். தலை உருண்டையாக வரும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும் வேண்டாம். முகத்தை மூடக் கூடாது. கொசுவலை போட வேண்டும். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகினால் எலியும் எறும்பும் எளிதில் நுழையாது. கிராமத்தில் தரையில் படுப்பவர்களுக்கு இது கட்டுவிரியனுக்கும் காவல். கொசுவத்திப் புகை குழந்தைக்கு ஆகாது. குளிருக்கு மூடிய அறையில் கரி அடுப்பு வைப்பது எல்லாவற்றையும் விட மோசம். வட நாட்டில் குளிர் காலத்தில் குடும்பத்தோடு இறந்தவர்கள் உண்டு.

"மல்லாக்கப் படுக்க வைத்தால் கக்கின பால் மூச்சில் போகாதா?" என்று மாமியார் கேட்டார். நல்ல கேள்விதான். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக் குழல் மேலே இருக்கும், உணவுக் குழல் கீழே இருக்கும். கக்கிய பால் மேலே ஏறிப் போவது கடினம். குப்புறப் படுத்தால் எளிது. பிரிட்டனில் 1991-ஆம் ஆண்டு முடிவில் "மல்லாக்கப் படுக்க வையுங்கள்" என்று நாடு முழுவதும் சொன்னார்கள். தூக்கத்தில் திடீரென்று இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போனது.

பகலில் குழந்தையின் இடம் பாய் அல்ல, தாயின் நெஞ்சு. சட்டை இல்லாமல், தோலோடு தோல் சேர்த்து நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டிக்கொள்வது. கங்காரு முறை என்று இதற்குப் பெயர். 1978-இல் கொலம்பியா நாட்டு மருத்துவர்கள் தொடங்கினார்கள். எடை குறைந்த குழந்தைக்கு இதைவிடச் சூடான தொட்டில் இல்லை. தாய் சாய்ந்து உட்கார்ந்து விழித்திருக்கும் போது செய்யலாம். அவள் குளிக்கப் போகும்போது தகப்பனும் செய்யலாம். இட்லி விற்று வந்த மகன் கை கால் கழுவி, சட்டையைக் கழற்றி உட்கார்ந்தான். சந்தில் சிலர் சிரித்தார்கள். அவன் கவலைப்படவில்லை.

குழந்தைக்குக் குளிர்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தால் நல்லது. வயிறு சூடு, பாதம் குளிர் என்றால் உடனே நெஞ்சோடு சேருங்கள். இரண்டுமே குளிர்ந்திருந்தால் நெஞ்சோடு சேர்த்தபடி மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

42-ஆம் நாள் பணியாளர் வந்து எடை பார்த்தார். 3 கிலோ 400 கிராம்.

பேசுங்கள், எழுதுங்கள்

உங்கள் வீட்டின் நீளம், அகலத்தை அளந்து தாளில் படம் போடுங்கள். அடுப்பு, வாசல், ஜன்னல், கனமான சாமான் உள்ள பலகை ஆகியவற்றைக் குறியுங்கள். ஒரு குழந்தை வந்தால் எங்கே படுக்க வைப்பீர்கள்? அதற்காக யார் இடம் மாற வேண்டி வரும்? அவரிடம் எப்படிச் சொல்வீர்கள்?